இந்திய ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி மாற்றமைப்பு

துப்பாக்கி மாற்றமைப்பு என்பது ஒரு துப்பாக்கியின் குழலைக் குறைத்தல், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுதல், பொம்மைத் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக ஆக்குதல் ஆகிய செயல்களைக் குறிக்கும். ரைபிளின் பாகங்களைக் கொண்டு கைத்துப்பாக்கி அமைப்பதும் இதில் அடங்கும். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5, 6 ஆம் பிரிவுகளின்படி இவற்றை உரிமமின்றிச் செய்வது குற்றமாகும். முழுத் துப்பாக்கியை மட்டுமன்றி அதன் ஒவ்வொரு பாகத்தையும் ஆயுதமாகக் கருதுவது இச்சட்டத்தின் அடிப்படை ஆகும்.

பாளையக்காரர் காலமும் ஆயுதப் பறிப்பும்

தமிழ்நாட்டின் தென்பகுதியில் ஆயுதக் கட்டுப்பாடு பாளையக்காரர் போர்களின் முடிவில் தொடங்கியது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சேத்தூர், கொல்லங்கொண்டான் போன்ற பாளையங்கள் இருந்தன. பாளையக்காரர்கள் கோட்டைகளையும் ஆயுதம் தாங்கிய காவற்படைகளையும் வைத்திருந்தனர். 1801 இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிரித்தானிய அரசு அனுமதித்தவை தவிர்ந்த படைக்கருவிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மீறுவோர்க்கு மரண தண்டனை என்றும் அறிவிக்கப்பட்டது. பாளையக்காரர்கள் பின்னர் வரி செலுத்தும் ஜமீன்தார்கள் ஆயினர்.

1857 கிளர்ச்சியை அடுத்து 1857, 1860 ஆம் ஆண்டுகளில் ஆயுதச் சட்டங்கள் இயற்றப்பட்டன. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1878 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுவதற்கும் உரிம முறையை நிலைநிறுத்தியது. இச்சட்டம் ஆயுதம் என்னும் சொல்லுக்குள் ஆயுதங்களின் பாகங்களையும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்து, இந்தியர்களை மட்டும் உரிமம் பெறச் செய்ததால் இது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த விதிகளில் இந்த இன வேறுபாடு நீக்கப்பட்டது. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானம், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குறிப்பிட்டது. எனினும் 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. ஆயுதங்களும் வெடிபொருட்களும் ஒன்றியப் பட்டியலின் 5 ஆம் இனத்தில் சேர்க்கப்பட்டன.

1959 ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 3 ஆம் பிரிவு துப்பாக்கி வைத்திருப்பதற்கு உரிமம் கோருகிறது. செய்தல், விற்றல், மாற்றுதல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றுக்கு 5 ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். குழலைக் குறைப்பதையும், துப்பாக்கி போன்ற தோற்றமுள்ள பொருளை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் 6 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே தற்காப்புக்காக உரிமம் பெற்று ரைபிள் வைத்திருக்கும் ஒருவர், அந்த உரிமத்தைக் கொண்டு அதன் குழலை வெட்டவோ, பிடியை மாற்றிக் கைத்துப்பாக்கி ஆக்கவோ இயலாது.

துப்பாக்கியில் உள்ள அடையாள எண்ணை அழிப்பதை 8 ஆம் பிரிவு தடைசெய்கிறது. செய்தவர் பெயரோ எண்ணோ பிற அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதும் கைமாற்றுவதும் குற்றமாகும். பல துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றை அமைப்பவர் இப்பிரிவிலும் சிக்க நேரலாம்.

1962 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணை துப்பாக்கிகளை வகைப்படுத்தியது. ரிவால்வரும் பிஸ்டலும் ஓர் உட்பிரிவிலும், பின்புறமாகத் தோட்டா நிரப்பும் ரைபிள்கள் வேறோர் உட்பிரிவிலும் வைக்கப்பட்டன. 20 அங்குலத்திற்குக் குறைவான குழலுடைய, உட்புறம் வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்க்கப்பட்டன. படையினர் பயன்படுத்தும் .303, 9 மி.மீ. தோட்டாக்களை ஏற்கும் ஆயுதங்களுக்கும் இதே நிலைதான். எனவே குழலின் நீளமோ தோட்டா அறையோ மாறினால், ஆயுதத்தின் சட்ட வகையும் மாறக்கூடும். 1962 ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016 இல் புதிய ஆயுத விதிகள் வந்தன.

2019 திருத்தம்

ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதற்கு 5 ஆம் பிரிவின்படி முன்பே உரிமம் தேவைப்பட்டது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் 6 ஆம் பிரிவிலும் இதை வெளிப்படையாகச் சேர்த்தது. 2016 விதிகளில் குறிப்பிட்ட எந்த வகையிலிருந்தும் மற்றொரு வகைக்கு மாற்றுவது உரிமமின்றிக் கூடாது என்பது இப்போது சட்டத்தின் வாசகமாகும். உரிமமின்றித் துப்பாக்கி செய்வதற்கும் மாற்றுவதற்கும் முன்பு 3 முதல் 7 ஆண்டுகள் வரை இருந்த சிறைத்தண்டனை, குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை என உயர்த்தப்பட்டது. தனிநபர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் 3 இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1934 ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம், குட்டைக் குழல் ரைபிள்களைப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. தற்போதைய எல்லை 16 அங்குலம். அங்கு பொதுவாகக் குழலையும் விசையமைப்பையும் தாங்கும் உடற்பகுதியே சட்டப்படி துப்பாக்கியாகும். குழல், தோள்கட்டை முதலிய ஏனைய பாகங்கள் அவ்வாறு கருதப்படுவதில்லை. பிஸ்டலையும் அதை ரைபிளாக்கும் பாகங்களையும் ஒன்றாக விற்ற தாம்சன்/சென்டர் ஆர்ம்சு நிறுவனத்தின் வழக்கில், 1992 இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2011 இல் ஒன்றிய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிஸ்டலாகப் பிறந்த ஆயுதம் ரைபிளாகி மீண்டும் பிஸ்டலாகலாம் என விளக்கியது. ரைபிளாகப் பிறந்ததைக் குட்டையாக்கினால் அது 1934 சட்டத்திற்குள் வரும். இந்தியாவில் இந்தப் பிறப்பு வேறுபாடு இல்லை. எந்தத் திசையில் மாற்றினாலும் உரிமம் வேண்டும்.

திருத்தங்கலும் வெடிபொருள் சட்டமும்

நின்ற நாராயணப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட திருத்தங்கல், 2021 இல் சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பட்டாசும் தீப்பெட்டியும் இவ்வட்டாரத்தின் முதன்மைத் தொழில்களாகும். அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்தே பட்டாசுத் தொழில் வளர்ந்தது. இத்தொழிலை 1884 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008 ஆம் ஆண்டு விதிகளும் ஆள்கின்றன. 1884 சட்டம் வெடிபொருள் என்னும் ஒரே வரையறைக்குள் பட்டாசு, தட்டினால் வெடிக்கும் கேப்பு, தோட்டா ஆகிய மூன்றையும் வைத்திருக்கிறது.

எனினும் இரு சட்டங்களும் தனித்தனியானவை. பட்டாசு ஆலை உரிமம், அதில் குறிப்பிட்ட பட்டாசு வகைகளையும் மருந்து அளவையும் மட்டுமே அனுமதிக்கிறது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் அலுவலகம் சிவகாசியில் இயங்குகிறது. சிறு ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் வழங்குகிறது. துப்பாக்கி செய்வதற்கோ மாற்றுவதற்கோ இவ்வுரிமங்கள் எதுவும் பயன்படாது.

தீபாவளிக்குச் சிறுவர்கள் பொட்டு வெடி வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளே. ஆனால் அதனுடன் இரும்புக் குழல் சேர்த்துக் குண்டு பாயும்படி செய்தால், செய்தவர் 6 ஆம் பிரிவின்கீழ் வருவார். பட்டறை வேலையும் வெடிமருந்துப் பழக்கமும் உள்ள ஊர்களில் இதை விளையாட்டாகக் கருதும் இளைஞர்களுக்கு, 2019 க்குப் பின் குறைந்த அளவுத் தண்டனையே 7 ஆண்டுகள் சிறை ஆகும்.