காயம் ஆறினால் முத்து: தூத்துக்குடி, 1973

வீட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். செதில் உரிஞ்சு, துடுப்பு கிழிஞ்சு கிடக்கிற மீனை மருந்தைவிட சுத்தமான தண்ணிதான் அதிகம் காப்பாத்தும். தனித் தொட்டி, நல்ல காத்து, மத்த மீன் வந்து கொத்தாத இடம். இவ்வளவு கிடைச்சாலே பல காயம் தானா ஆறிடும். இந்த எபிசோடில் நாம பேசப்போறதும் கிட்டத்தட்ட இந்த வைத்தியம்தான். ஆனா நோயாளி மீன் இல்லை, முத்துச்சிப்பி. இடம் தூத்துக்குடி.

இந்தக் கரையில் முத்து எடுக்கிற கதை ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை வருது. அங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று சொல்லுது. பிறகு பரதவர்களின் தொழிலாகவே அது நிலைத்தது. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தாலும் முறை மாறவில்லை. கடலடியில் சிப்பி படிந்திருக்கும் 'பார்'களில் மூழ்கி அள்ளுவார்கள். கரையில் குவித்து அழுக விடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்ற பிறகு மிச்சத்தைக் கழுவித் தேடுவார்கள். ஒரு நல்ல முத்துக்காக எத்தனை சிப்பி செத்தது என்று யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான சிப்பியில் எதுவுமே இருக்காது.

இந்தச் சலாபமும் வருஷா வருஷம் நடக்கிறது இல்லை. சில ஆண்டு பார் நிறையச் சிப்பி இருக்கும், பிறகு பல வருஷத்துக்கு வெறும் பாராகக் கிடக்கும். 1955-இல் மறுபடி தொடங்கிய சலாபம் 1961-உடன் நின்றது. அதுதான் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம்.

இதற்கிடையே இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. சிப்பிக்குள் முத்து ஏன் உண்டாகுது? மழைத்துளி விழுந்து முத்தாகும் என்பது நம்ம ஊர்க் கதை. 1902-இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரைக்கு வந்த ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர், நாடாப்புழுவின் குஞ்சுதான் காரணம் என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஜப்பானில் மிசே, நிஷிகாவா என்ற இருவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரியான இடத்தைத் தொட்டார்கள். சிப்பி ஓட்டின் உட்பக்கம் பளபளவென்று இருக்கிறதே, அந்தப் பூச்சைச் சுரப்பது 'மேன்டில்' எனும் மெல்லிய தோல். அந்தத் தோலின் செல்கள் உடம்புக்குள் மாட்டிக்கொண்டு ஒரு பையாக வளர்ந்தால், பைக்குள்ளும் அதே பூச்சைத்தான் சுரக்கும். அதுதான் முத்து. இந்தக் கைவேலையை ஜப்பான்காரர்கள் வெளியாருக்கு எளிதில் சொல்லித் தரவில்லை.

1972-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் முத்து வளர்ப்பு முயற்சியைத் தொடங்கியது. அதை நடத்தியவர் அழகர்சுவாமி. 1973-இல் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்து அங்கே கிடைத்தது.

அவர்கள் செய்தது என்ன? சிப்பியை வலுக்கட்டாயமாகத் திறந்தால் மூடுதசை கிழிந்து செத்துவிடும். அதனால் மென்தால் தூவிய கடல்நீரில் வைத்து மயக்குவார்கள். ஆமா, தலைவலித் தைலத்தில் இருக்கிற அதே மென்தால்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓடு தானாகத் தளர்ந்து வாய் திறக்கும். பாதத்தின் அடியில் ஒரு சின்னக் கீறல். வேறொரு சிப்பியின் மேன்டிலிலிருந்து வெட்டிய 2 மில்லிமீட்டர் துண்டையும், ஓட்டில் கடைந்த ஒரு மணியையும் இரண்டும் ஒட்டியிருக்கும்படி உள்ளே வைப்பார்கள். மயக்கம் நீண்டால் ஆபத்து, அதனால் வேலை மளமளவென்று முடியணும். இந்தியாவில் அந்த மணிக்குச் சங்கு ஓட்டையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் சங்குக்குப் பஞ்சமா என்ன!

என்னைக் கேட்டால், கத்தியைவிட முக்கியம் அதற்கப்புறம் நடக்கிறதுதான். அறுத்த சிப்பியை உடனே கடலில் போட மாட்டார்கள். கடல்நீர் மாறிக்கொண்டே இருக்கும் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஓய்வு. மயக்கம் தெளிந்ததா, ஓட்டை மூடுதா, மணியை வெளியே தள்ளிவிட்டதா என்று பார்ப்பார்கள். செத்ததை உடனே எடுத்துவிடணும், இல்லையென்றால் தண்ணி கெட்டு மத்ததும் போகும். உள்ளே ரத்தச் செல்கள் வெட்டுவாயில் கூடிக் காயத்தை அடைக்கும். துண்டின் செல்கள் மணியைச் சுற்றிப் படர்ந்து பையாகும். காயம் சீழ்ப்பிடித்தாலோ துண்டு விலகினாலோ முத்து இல்லை.

தேறிய சிப்பி கூண்டில் ஏறி, கடலில் மிதக்கும் தெப்பத்தில் தொங்கும். அங்கேயும் வேலை ஓயாது. ஓட்டில் ஒட்டும் கொட்டலசைச் சுரண்டணும், ஓட்டைத் துளைக்கும் புழுவைப் பார்க்கணும். கூண்டுக்குள் புகுந்து சிப்பியைத் தின்னும் ஒருவகை நத்தை வேப்பலோடையில் பெரிய தொல்லை. நம்ம கடல் சூடானது என்பதால் முத்து சீக்கிரம் வளரும். 3 மில்லிமீட்டர் மணிக்கு மூன்று நாலு மாதம் போதும், பெரிய மணிக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேற்றிய சிப்பி, முத்தை எடுக்கும்போது பெரும்பாலும் சாகத்தான் செய்யும். அதையும் சொல்லிடணும். வித்தியாசம் கணக்கில்தான் இருக்கு: இங்கே எந்தச் சிப்பியைத் திறக்கணும் என்று முன்பே தெரியும். பாரில் இருந்து அள்ளவும் வேண்டாம் என்ற நிலைக்கு 1981-இல் வந்தார்கள். தூத்துக்குடி ஆய்வுக்கூடத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சுச் சிப்பியை வளர்த்தார்கள். அந்தக் குஞ்சுகளைப் பார்களில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் கூடவில்லை.