கட்டணமில்லா ஆய்வு வெளியீடும் அதற்குரிய பொருளுதவியும்

ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் பொருள் கொடாது படிக்குமாறு இணையத்தில் வெளியிடும் முறையைத் திறந்த அணுக்கம் என்பர். இதன் வரலாற்றை எழுதுவோர் பலரும் 2002 பிப்ரவரி 14-ஆம் நாள் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கையையே தொடக்கமாகக் கொள்வர். அவ்வறிக்கை இம்முறைக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் செயலை நோக்குமிடத்து, நான்கு ஆண்டுகட்கு முன்னரே பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோவில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. இதனை வெறும் ஆண்டுக் கணக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. படிப்போரிடமிருந்து இறக்கிய சுமையை யார்மீது ஏற்றுவது என்னும் வினாவுக்கு இவ்விரு மரபுகளும் தந்த விடைகள் வேறாதலின்.

புடாபெஸ்ட் முயற்சிக்குச் சோரோசு என்னும் செல்வரின் அறநிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு 30 இலட்சம் டாலர் அளிக்க முன்வந்தது. அமெரிக்காவில் 'பிளாஸ்' என்னும் அமைப்பு, மூர் அறக்கட்டளை 2002-இல் வழங்கிய 90 இலட்சம் டாலரைக் கொண்டு, அடுத்த ஆண்டு அக்டோபரில் தன் முதல் இதழை வெளியிட்டது. இவ்வுதவி வித்து முதலேயன்றி நிலைத்த வருவாயன்று. எனவே கட்டுரை ஒன்றுக்கு 1,500 டாலர் எழுதியவரிடம் பெறுவதாயிற்று. பிறர் இவ்வழியைப் பின்பற்றினர். 2021-இல் 'நேச்சர்' இதழ் குறித்த கட்டணம் 9,500 யூரோ! படிக்கும் வாயில் திறந்தபோது எழுதும் வாயில் அடைபட்டது எனின் மிகையாகாது. வறிய நாட்டினர்க்குத் தள்ளுபடி உண்டு என்பது மெய்யே, எனினும் அது வேண்டிப் பெறும் சலுகை, உரிமையாகாது.

சாவோ பாவுலோவின் நிலை வேறு. அங்குள்ள இதழ்களுட் பல போர்த்துக்கீசிய மொழியின. அமெரிக்க மேற்கோள் அட்டவணைகளில் இடம்பெற்றவை மிகச் சிலவே. அட்டவணையில் இல்லாத இதழை நூலகங்கள் வாங்கா. வாங்காத இதழை ஒருவரும் மேற்கோள் காட்டார். இவ்வட்டத்தை உடைக்கக் கருதிய அறிஞர் 1997-இல் பத்து இதழ்களை வைத்துச் சோதித்து, 1998-இல் 'சியேலோ' என்னும் இணைய நூலகத்தைத் திறந்தனர். அதே ஆண்டிற் சிலி நாடும் இணைந்தது.

இதற்குப் பொருள் தந்தது ஃபாப்பெஸ்ப் என்னும் மாநில ஆராய்ச்சி நிறுவனம். அதன் வருவாய் ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. மாநில வரியில் நூற்றுக்கு அரைப் பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குமாறு 1947-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு விதித்தது. 1989-இல் அஃது ஒரு பங்காக உயர்ந்தது. ஆண்டுதோறும் எவரிடமும் கையேந்த வேண்டாத இவ்வருவாயை, நம் கல்வெட்டுக்கள் கூறும் நிவந்தத்தோடு ஒப்பிடத் தோன்றுகிறது.

இவ்வுதவி எழுதுவோரைச் சாராது பொதுமேடையையே சார்ந்தது. கட்டுரைகளை ஏற்றுதல், குறியிடுதல், காத்தல் ஆகிய பணிகள் ஓரிடத்தில் நடைபெற்றமையால் இதழ் ஒவ்வொன்றின் செலவும் சுருங்கிற்று. ஆயினும் பதிப்புப் பணியின் செலவைக் கழகங்களும் பல்கலைக்கழகங்களுமே தாங்கின. தாங்கவியலாத சில இதழ்கள் பிற்காலத்தில் ஆசிரியரிடம் கட்டணம் பெறலாயின. ஆதலின் சியேலோ முழுவதும் கட்டணமற்றது என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஐரோப்பிய நல்கை நிறுவனங்கள் 2018-இல் வகுத்த 'எஸ்' திட்டம், ஆசிரியர் கட்டணத்தைத் தாமோ பல்கலைக்கழகங்களோ செலுத்துதல் வேண்டும் என்றது. 2022 மார்ச்சில் அவர்களே பிற அமைப்புகளுடன் கூடி, படிப்போரிடமும் எழுதுவோரிடமும் பொருள் பெறாத இதழ்களைப் பேணுதற்கு ஒரு செயல்திட்டம் வெளியிட்டனர். சியேலோவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.