ஊருக்கு மைக், பொண்ணுக்கு மௌனம்

ஒரு பொண்ணு வயசுக்கு வந்துட்டா நம்மூர்ல என்ன நடக்கும்? தாய்மாமன் சீர், தட்டு வரிசை, பட்டுப்புடவை, ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர், காலைல ஆறு மணிக்கே குழாய் ஸ்பீக்கர். எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளையோட உடம்புல நடந்த மாற்றம், ரெண்டு தெரு தள்ளி டீக்கடை பெஞ்ச்ல உக்காந்திருக்கிறவர் வரைக்கும் தெரிஞ்சுடும். ஆனா ஏன் ரத்தம் வருது, எத்தனை நாளைக்கு வரும், வயித்துவலி வந்தா என்ன பண்ணணும், இதையெல்லாம் அந்தப் பிள்ளைகிட்ட யாராவது உக்காந்து பொறுமையா சொல்லியிருப்பாங்களா? பெரும்பாலும் இல்லை. "தீட்டு, ஓரமா உக்காரு". அவ்ளோதான் பாடம். கையேடே இல்லாம ஒரு மெஷினைக் கையில குடுத்த மாதிரி.

பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கலாமேன்னு யாராச்சும் வாயெடுத்தா உடனே ஒரு பதில் வரும். "இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, நம்ம கலாச்சாரத்துக்கு ஆகாது." இந்தப் பதிலுக்கு எத்தனை வயசுன்னு தேடிப் பார்த்தேன் மக்களே. நூறைத் தாண்டிடுச்சு :-) அந்தத் தேடல்ல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

காஞ்சிபுரத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். பட்டுப்புடவைக்கும் கோயிலுக்கும் வர்ற கூட்டத்துல முக்கால்வாசிப் பேரு வேகவதி ஆத்தங்கரையில இருக்கிற திருப்பருத்திக்குன்றத்தை எட்டிக்கூட பார்க்கிறதில்லை. ஜினகாஞ்சின்னு பேர் வாங்கின இடம். அங்க இருக்கிற திரைலோக்கியநாதர் கோயில்ல, விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387ல கட்டின சங்கீத மண்டபம் இருக்கு. அதோட விதானத்துல தீர்த்தங்கரர்களோட வரலாறு ஓவியமா இருக்கு. முதல் தீர்த்தங்கரரான ரிஷபநாதர் கதையும் அதுல உண்டு.

இந்த ரிஷபநாதரைப் பத்தி சமண மரபு சொல்ற ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் எழுத்தை முதல்ல சொல்லிக் குடுத்தது பிராமிங்கிற மகளுக்கு. எண்களைச் சொல்லிக் குடுத்தது சுந்தரிங்கிற இன்னொரு மகளுக்கு. பிராமி எழுத்துக்குப் பேரு வந்ததே அந்தப் பொண்ணாலதான்னு கதை. புராணம்தான், வரலாறு இல்லை. ஆனா படிப்போட ஆரம்பமே ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்கன்னு சொல்ற ஒரு கதை இந்த மண்ணுல ஆயிரம் வருஷத்துக்கு மேல புழங்கியிருக்கு. நாம பொட்டி தட்டுறதுக்குக்கூட சுந்தரியம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்.

புராணம் வேண்டாம், கல்வெட்டு குடுன்னு கேட்டா அதுவும் இருக்கு. வந்தவாசி பக்கம் வேடல்னு ஒரு ஊர். முதலாம் ஆதித்த சோழனோட 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டோட கடைசிப் பகுதி. கனகவீரக் குரத்தியார்ங்கிற சமணப் பெண் ஆசிரியரைப் பத்தியும் அவரைச் சேர்ந்த 500 மாணாக்கர் பத்தியும் அது பேசுது. கழுகுமலைக்குப் போனாலும் குரத்தியார் பேருங்க வரிசையா கல்லுல நிக்கும்.

உடனே "பாத்தியா, நம்ம பழம்பெருமை"ன்னு காலரைத் தூக்கிவிட வேண்டாம். குரத்தியார் எல்லாம் துறவிங்க. வீட்டை விட்டு வெளிய வந்த பெண்ணுக்கு அறிவுக்கான கதவு திறந்திருந்தது. வீட்டுக்குள்ள இருந்தவளுக்கு? அவளோட படிப்பை முடிவு பண்ணினது அவ மூளை இல்லை, அவ உடம்பு. பல வீடுகள்ல வயசுக்கு வந்தா பள்ளிக்கூடம் நின்னுச்சு. சில சாதிகள்ல வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் முடியணும்னு விதி, அதனால படிப்பு ஆரம்பிக்கவே இல்லை. பெண் கல்வியும் உடம்பைப் பத்தின பேச்சும் நாம நினைக்கிற மாதிரி ரெண்டு தனித்தனி சண்டை கிடையாது. ஆரம்பத்துல இருந்தே அது ஒரே சண்டைதான்.

அதுக்கு சாட்சி, 1886ல பிறந்த ரெண்டு பொண்ணுங்க.

முதலாமவர் சுப்பலட்சுமி. 11 வயசுலயே விதவை. கல்யாணம்னா என்னன்னு புரியறதுக்கு முன்னாடியே வாழ்க்கை முடிஞ்சதுன்னு ஊரே தீர்ப்பு எழுதிடுச்சு. அவர் குடும்பம் அந்தத் தீர்ப்பை ஏத்துக்கலை, படிக்க வெச்சது. 1911ல சென்னையில பட்டம் வாங்கினார். அப்புறம் தன்னை மாதிரியே சின்ன வயசுல விதவையான பொண்ணுங்களைச் சேர்த்து, திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ்ல தங்க வெச்சுப் படிக்க வெச்சார். பீச் ரோடுல இன்னைக்கு விவேகானந்தர் இல்லம்னு நாம பார்க்கிற அதே கட்டிடம்தான்.

ரெண்டாமவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு வீட்டுப் பாடம்தான். அப்பா நாராயணசாமி கல்லூரி நடத்தினவர், அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுல வந்தவங்க. வீட்டுலயே படிச்சு மெட்ரிக் தேறினார். ஆண்கள் மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில சேரப் போனப்ப ஊரே எதிர்த்தது, மன்னர் அனுமதி குடுத்தார். 1912ல சென்னை மருத்துவக் கல்லூரியில இருந்து டாக்டரா வெளிய வந்தார். எந்த உடம்பு அவரோட படிப்பை நிறுத்தப் பார்த்துச்சோ, அதே உடம்பைப் பத்தித்தான் படிச்சார்!

அவர் பின்னாடி சென்னை சட்டசபைக்குப் போய் துணைத் தலைவரா உக்காந்தது தெரிஞ்ச கதைதான். அங்க எதைக் கேட்டார்னு பாருங்க. பொண்ணுங்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுறதை நிறுத்தணும். பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேணும். பொண்ணோட கல்யாண வயசை 16 ஆக்கணும், பையனுக்கு 21. இந்தக் கடைசிக் கோரிக்கை 1928ல வந்தது.

அந்தக் காலத்துல இது எவ்ளோ பெரிய நெருப்புன்னு இப்ப நமக்குப் புரியறது கஷ்டம். 1889ல கல்கத்தாவுல பூல்மணிங்கிற சின்னப் பொண்ணு, புருஷனோட வல்லுறவால செத்துப் போனா. அதுக்கப்புறம்தான் 1891ல சம்மத வயசை 10ல இருந்து 12 ஆக்கினாங்க. பத்து வயசு! அதுக்கே திலகர் மாதிரி பெரிய தலைவர்கள் எதிர்த்தாங்க. வெள்ளைக்கார அரசு நம்ம மதத்துல கை வைக்கலாமாங்கிறது வாதம். 1929ல சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18னு வந்தப்பவும் அதே பாட்டு. நம்ம மாகாணத்துல இருந்து மத்திய சட்டசபைக்குப் போன எம்.கே.ஆச்சார்யா அதைக் கடுமையா எதிர்த்தவங்கள்ல ஒருத்தர்.

அந்தச் சட்டம் 1930 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்துச்சு. 1949ல 14ஐ 15 ஆக்கினாங்க, 1978ல 18 ஆக்கினாங்க. முத்துலட்சுமி 1928ல கேட்ட 16ஐத் தாண்டுறதுக்கு நமக்கு 50 வருஷம் ஆச்சு.

அதே 1929ல காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு கூட்டம். காஞ்சி அப்ப செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்ள இருந்துச்சு. பிப்ரவரி 17, 18 ரெண்டு நாளும் செங்கல்பட்டுல முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. பொண்ணுக்கு 16 வயசுக்கு மேலதான் கல்யாணம், சொத்துல சம உரிமை, பிடிக்கலைன்னா பிரிஞ்சு போற உரிமைன்னு தீர்மானம் போட்டாங்க. அடுத்த வருஷம் 'குடி அரசு' பத்திரிகையில பெரியார் கர்ப்பத்தடை பத்தி எழுதினார். மத்தவங்க எல்லாம் தாயோட உடல்நலம், வறுமை, ஜனத்தொகைன்னு காரணம் சொல்ல, இவர் பெண்ணோட விடுதலையை முதல் காரணமா வெச்சார். அவரோட மத்த கருத்துங்கள்ல உங்களுக்கு ஒப்புதல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனா 1930ல ஒரு தமிழ்ப் பத்திரிகை இதைப் பகிரங்கமா பேசியிருக்குங்கிறதை மறுக்க முடியாது.

இப்ப அந்த "மேல்நாட்டு இறக்குமதி"க்கு வருவோம். மேல்நாட்டுக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான்? 1877ல லண்டன்ல, கருத்தடையை விளக்குற ஒரு சின்னப் புத்தகத்தை வெளியிட்டதுக்காக ரெண்டு பேரைக் கோர்ட்டுல நிறுத்தினாங்க. ஆபாசமாம். ஒருத்தர் சார்லஸ் பிராட்லா. இன்னொருத்தர் யாரு தெரியுமா? நம்ம அடையாறு அன்னி பெசன்ட்! ஆக, பேச வெக்கப்படுறதும் வாயை அடைக்கிறதும் எல்லா ஊர்லயும் விளையுற சரக்குதான். அதை எதிர்த்துப் பேசினவங்களும் எல்லா ஊர்லயும் இருந்திருக்காங்க, இங்க உட்பட.

சரி, சட்டம் வந்துடுச்சு. பொண்ணுங்க எல்லாம் பள்ளிக்கூடம் போயிட்டாங்களா? காஞ்சிபுரம் தறியையே பாருங்க. கோர்வைப் புடவையில உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். நெய்யறவர் ஒருத்தர் மட்டும் போதாது, கரை இழையை எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்கிப் போட இன்னொரு ஆள் வேணும். பல காலம் அந்த இன்னொரு ஆள் ஒரு குழந்தைதான். வீட்டுல வாங்கின முன்பணத்துக்கு ஈடா சம்பளத்தைக் கழிச்சுக்குவாங்க. 2003ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழில்ல கொத்தடிமையா இருக்கிற குழந்தைங்களைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு, அதுல காஞ்சிபுரமும் இருக்கு. இப்ப தறியில குழந்தைங்களைப் பார்க்கிறது ரொம்பவே குறைஞ்சிருக்கு. ஆனா பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கிற பொண்ணுக்கு, உடம்பைப் பத்திச் சொல்ல இருந்த ஒரே இடமும் போயிடுது. இதைக் கவனிக்கணும்.

இந்த மௌனம் உயிரையே எடுக்கும்னு நமக்குப் புரிய வெச்சது எய்ட்ஸ். இந்தியாவுல எச்ஐவி முதன்முதலா உறுதியானது 1986ல, நம்ம சென்னையில. கண்டுபிடிச்சவங்க டாக்டர் சுனிதி சாலமனும், அவங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணின டாக்டர் நிர்மலாவும். தமிழ்நாடு 1994லயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைச்சு மத்த மாநிலங்களுக்கு வழிகாட்டுச்சு. 'புலி ராஜா' விளம்பரம் ஞாபகம் இருக்கா? ஊரே அதைப் பத்திப் பேசிச்சு. சுவத்துல பேச முடிஞ்ச நாம வகுப்பறையில மட்டும் பேசலை.

2005ல குஷ்பு ஒரு பேட்டியில பாதுகாப்பு பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாங்க. வழக்கு மேல வழக்கு. கடைசியா உச்ச நீதிமன்றம் 2010ல எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணுச்சு. அதே சமயத்துல, மத்திய அரசு கொண்டு வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007ல மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகான்னு பல மாநிலங்கள் நிறுத்தி வெச்சாங்க. 2009ல மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில பாலியல் கல்வி கூடாதுன்னு அறிக்கை குடுத்துச்சு.

இதே 2007ல இன்னொரு அறிக்கையும் வந்தது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தோட ஆய்வு. 13 மாநிலம், 12,447 குழந்தைங்க. பாதிக்கும் மேல, 53.22 சதவீதம் பேர், ஏதாவது ஒரு விதத்துல பாலியல் சீண்டலுக்கு ஆளானதா சொல்லியிருந்தாங்க. அதுல பாதிக்கு மேல ஆம்பளைப் பசங்க. மறுபடி ஒரு தடவை அந்த வரியைப் படிங்க. ஒரு பக்கம் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க கெட்டுடும்னு அறிக்கை. இன்னொரு பக்கம் சொல்லிக் குடுக்காததால பிள்ளைங்களுக்கு என்ன நடக்குதுன்னு அறிக்கை.

நல்லதும் நடந்திருக்கு. 2011-12ல கிராமத்துப் பொண்ணுங்களுக்கு இலவச நாப்கின் தர்ற 'புதுயுகம்' திட்டம் வந்தது. கோவை முருகானந்தத்தோட மலிவு விலை நாப்கின் மெஷினை உலகமே திரும்பிப் பார்த்தது. 2012ல போக்சோ சட்டம். 2022ல, அதுவரைக்கும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல கல்யாணத்துக்குக் குடுத்துட்டு இருந்த உதவியை, அரசுப் பள்ளிப் பொண்ணுங்க மேல்படிப்புக்கு மாசம் 1000 ரூபாய்னு 'புதுமைப் பெண்' திட்டமா மாத்தினாங்க. தாலிக்குப் போன காசு டிகிரிக்குப் போச்சு. என்னைக் கேட்டா இதுதான் பெரிய மாற்றம்.

2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும் வாயைத் திறந்துச்சு. குழந்தைங்களை வெச்சு எடுத்த ஆபாசப் படத்தைப் பார்க்கிறது குற்றமில்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் அந்த வருஷம் ஜனவரியில சொன்ன தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. கூடவே, பாலியல் கல்வி மேல்நாட்டுச் சமாச்சாரம்ங்கிறது தப்பான எண்ணம், முழுமையான பாலியல் கல்வி வேணும்னு பரிந்துரையும் பண்ணுச்சு.

எல்லாம் சரி, வகுப்பறையில என்ன நடக்குது? நான் பத்தாவது படிச்சப்ப இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "இதை நீங்களே வீட்டுல படிச்சுக்கோங்க"ன்னு பக்கத்தைத் திருப்பிட்டாங்க. பொண்ணுங்களை மட்டும் தனியா கூப்பிட்டு ஏதோ பேசினாங்க, பசங்களைக் கிரவுண்டுக்கு அனுப்பிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க என்னென்னமோ கற்பனை பண்ணிக்கிட்டோம். இன்னைக்கு அந்த வயசுப் பையன் கையில ஸ்மார்ட்போன் இருக்கு. டீச்சர் விட்ட பாடத்தை யாரு எடுப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாலியல் கல்வின்னா வேற என்னமோன்னு நினைக்கிறவங்களுக்காக: அஞ்சு வயசுக் குழந்தைக்கு, உன்னை யார் எங்க தொடக்கூடாது, தொட்டா யார்கிட்ட சொல்லணும். பத்து வயசுல, உடம்புல என்ன மாறப்போகுது, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. பதினாலுல, கர்ப்பம் எப்படி உண்டாகுது, நோய் எப்படிப் பரவுது, இல்லைன்னு ஒருத்தர் சொன்னா இல்லைதான். 1098 எதுக்கு இருக்குன்னும் சேர்த்து. அவ்ளோதான். இதையெல்லாம் சொல்லிக் குடுக்கிறதால பிள்ளைங்க தப்பு பண்ண ஓடுறதில்லைன்னு யுனெஸ்கோ உலகம் முழுக்க ஆய்வுகளை அலசிட்டுச் சொல்லியிருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் முத்துலட்சுமி காலத்தை விட நாம ஒரு படி மேல போகணும். பசங்களையும் உள்ள உக்கார வைக்கணும். பொண்ணுக்கு மட்டும் உடம்பைப் பத்திச் சொல்லிட்டு, பையனைக் கிரவுண்டுக்கு அனுப்பினா, பாதுகாத்துக்க வேண்டிய பொறுப்பு மறுபடியும் அவ தலையிலதான் விழும்.

வீட்டுல பத்துப் பன்னெண்டு வயசுல பிள்ளைங்க இருக்கிறவங்க பள்ளிக்கூடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அக்கா பசங்க, அண்ணன் பசங்க இருந்தாலும் சரி. அடுத்த தடவை ஏதாவது கேட்டா "பெரியவளானா தெரியும்"னு சொல்லாம, தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலைன்னா சேர்ந்து தேடிப் படிங்க.