ஒரு வாளி, பன்னிரண்டு கிரேஃபிஷ், ஒரு ராத்திரி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே. 2009 ஆகஸ்ட். அப்போ ஸ்வீடன்ல லிங்ஷோப்பிங்ல இருந்தோம்.

ஆகஸ்ட் வந்தா அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு கிறுக்கு பிடிச்சிடும். தலையில காகிதத் தொப்பி, கழுத்துல குழந்தைக்குக் கட்டற மாதிரி ஒரு துணி, தோட்டத்துல சிரிக்கிற நிலா முகம் போட்ட காகித விளக்கு, நடுவுல தட்டு நிறைய செக்கச்செவேல்னு கிரேஃபிஷ். குட்டி லாப்ஸ்டர் மாதிரி இருக்கும், ஆனா ஏரி, ஆத்துல வாழ்றது. இந்தியாவுல இயற்கையா இந்த இனம் ஒண்ணுகூட கிடையாது. அதனாலதான் தமிழ்ல தனிப் பேரும் இல்ல. நம்ம சிங்கி இறால் கடல்காரன், வேற ஆளு.

கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் வேட்டர்ன் ஏரியில கூண்டு போட்டுப் பிடிச்சு, உயிரோட பன்னிரண்டை வாளியில குடுத்தார். "நாளைக்கு உப்பும் சோயாக்கீரைப் பூவும் போட்டு வேக வை"ன்னார். வாளியில தண்ணியே இல்ல! மேல ஈரச் சாக்கு மட்டும். பாவம், நீர்வாழ் ஜீவனாச்சேன்னு வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து வாளி விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "கரப்பான்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச மாதிரி இருக்கு, இது சமையல்கட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க.

ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மேல்மட்டத்துக்கு முட்டி மோதுது. ஒண்ணு மல்லாந்து கிடக்கு. பதறிப்போய் நண்பருக்கு போன் போட்டேன்.

"தண்ணியக் கொட்டு. ஈரத்துணி போட்டு மூடி, குளிர்ச்சியான இடத்துல வை."

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் காத்துல சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கு. அதே ஒரு லிட்டர் தண்ணியில ஆறு, ஏழு மில்லி இருந்தாலே பெருசு. வெதுவெதுன்னு ஆயிட்டா இன்னும் குறையும். அசையாத வாளித் தண்ணியில பன்னிரண்டு பேர் மூச்சு விட்டா எத்தனை நேரம் தாங்கும்? செவுள் ஈரமா இருந்தா போதும், கிரேஃபிஷ் காத்துலேர்ந்தே ஆக்சிஜனை எடுத்துக்கும். குளிர்ல அதுக்குத் தேவையும் குறைவு. ஆக, நான் காட்டின கருணைதான் அதுகளைக் கொன்னுட்டு இருந்திருக்கு :-(

அதோட விட்டேனா? "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பக்கத்துல ஸ்டாங் ஆறு ஓடுது, கொண்டுபோய் விட்டுடறேனே"ன்னேன். மறுமுனையில ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் மனுஷன் கத்தினார் பாருங்க! அதிர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லாத ஆளு.

அவர் தாத்தா ஊர் ஏரி ஒரே கோடையில காலியானதாம். ராத்திரியில மட்டுமே வெளிய வர்ற பிராணி, பட்டப்பகல்ல தள்ளாடித் தள்ளாடி நடந்து மல்லாந்து செத்துச்சாம்.

அதுக்குப் பேர் கிரேஃபிஷ் பிளேக். அஃபனோமைசெஸ் அஸ்டாசின்னு ஒரு நீர்ப்பூசணம். பார்க்க பூஞ்சை மாதிரி, ஆனா பூஞ்சைக் குடும்பம் இல்ல. பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கத்திய கிரேஃபிஷ் உடம்புல வெச்சுக்கிட்டே பிழைக்கும், ஐரோப்பிய இனத்துக்கு வந்தா ஏரியே காலி. 1859-60 வாக்குல இத்தாலியின் போ ஆத்துச் சமவெளியில முதல்ல தெரிஞ்சது. அங்கிருந்து பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, 1893இல் பின்லாந்து. கிருமிக்கு இந்தப் பேர் வெச்சவர் ஷிகோரான்னு ஒரு ஜெர்மன்காரர், 1906இல். அதுக்கு அடுத்த வருஷமே, 1907இல், பின்லாந்துலேர்ந்து ஸ்டாக்ஹோமுக்கு வந்த உயிர்ச்சரக்கோட சேர்ந்து மேலரன் ஏரியில இறங்கிடுச்சு.

இதுல எனக்கு உறைச்சது என்னன்னா, எல்லாமே என் வாளிக் கதைதான். பிடிச்சதை ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி உயிரோட வெச்சிருக்கணும். அதுக்கு ஓட்டை போட்ட மரப்பெட்டியில அடைச்சு பக்கத்து ஏரித் தண்ணியில இறக்கி வைப்பாங்க. செத்ததை அங்கேயே வீசுவாங்க. கிருமியோட வித்து தண்ணியில தானா நீந்தும். ஈர வலை, ஈர வாளி, ஈர பூட்ஸ் எதுல வேணா பயணம் பண்ணும்.

மருந்துன்னு நினைச்சு செஞ்சது இன்னும் மோசம். 1890இல் மாக்ஸ் ஃபான் டெம் போர்னேன்னு ஒரு மீன் வளர்ப்பு நிபுணர், நூறு அமெரிக்க கிரேஃபிஷ்கூட இருக்காது, கொண்டுவந்து தன் குளத்துல விட்டார் (இன்னிக்கு அந்த இடம் போலந்துல இருக்கு). அதோட சந்ததி ஐரோப்பா பூரா பரவிடுச்சு. ஸ்வீடனும் சும்மா இல்ல. 1960இல் கலிபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷை வரவழைச்சு, 1969லேர்ந்து ஏரி ஏரியா விட்டாங்க. நோயைத் தாங்குதேன்னு சந்தோஷம். தாங்குதுதான், ஆனா சுமந்துக்கிட்டும் திரியுது. ஆக, பழைய ஐரோப்பிய இனத்துல மிச்சம் இருந்ததுக்கும் வேட்டு. 1907லேர்ந்து பார்த்தா ஸ்வீடன்ல அந்த இனம் வாழ்ந்த இடங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல போயாச்சு. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் சிக்னலை ஊடுருவும் அயல் இனங்கள் பட்டியல்ல சேர்த்தது. வேட்டர்ன்ல இருக்கறதும் சிக்னல்தான். கொடுக்கு மூட்டுல வெளிர்நீலமா ஒரு திட்டு இருக்கும். என் வாளியில இருந்த பன்னிரண்டுக்கும் அது இருந்துச்சு.

வாளித் தண்ணியக் கழிவறையில ஊத்தினேன். ஈரத் துண்டு போட்டு மூடி, வாளியை பால்கனியில வெச்சேன். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போய் துண்டைத் தூக்கிப் பார்த்தேன் (தங்கமணி பார்த்த பார்வையை எழுத முடியாது). காலையில பதினொண்ணு கொடுக்கைத் தூக்கிக்கிட்டு முறைச்சுது. மல்லாந்திருந்தது போயிடுச்சு. அதை நெகிழிப் பையில கட்டிக் குப்பையில போட்டேன். வேக வெச்சபோது பதினொண்ணுக்கும் வால் சுருண்டுச்சு. 

சாயங்காலம் வாளியைத் திருப்பிக் குடுக்கப் போனேன். நண்பர் வாங்கி உள்ள விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அடியில துளி ஈரம் இருந்துச்சு போல. ஒண்ணும் சொல்லல. ஸ்பிரிட் ஊத்தி அலசி, வெயில்ல கவுத்து வெச்சுட்டுத்தான் எனக்கு காபி போட உள்ள போனார்.