அரைக்கால் காணியும் ஒரு வரி மேக்ரோவும்

எங்க வீட்டுல ஒரு பழைய நோட்டு இருக்கு. தாத்தா காலத்து பாகப்பிரிவினை கணக்கு. யாருக்கு எந்த நிலம், எவ்வளவு காணின்னு வரிசையா எழுதியிருக்கும். அதை கம்ப்யூட்டர்ல ஏத்தி, காணியை சென்ட்டா மாத்தி, கூட்டிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்தான். "அரை"ன்னு ஆரம்பிச்சா 0.5, "கால்"னு ஆரம்பிச்சா 0.25. சுலபமான வேலை... அப்படித்தான் நினைச்சேன்!

பிரின்ட் எடுத்து பெரியப்பாகிட்ட குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர், "டேய், இவனுக்கு ஏதுடா 66 சென்ட்?"ன்னார். நோட்டுல இருந்தது "அரைக்கால் காணி". அதாவது காலில் பாதி, 1/8. எங்க பக்கம் ஒரு காணின்னா 1.32 ஏக்கர், 132 சென்ட். அப்போ 16.5 சென்ட்தான் வரணும். என் ஸ்கிரிப்ட் முதல் ரெண்டெழுத்தைப் பார்த்துட்டு அரைக்காணியா ஆக்கிடுச்சு. நாலு மடங்கு! அந்தக் காகிதம் சித்தப்பா பசங்க கைக்குப் போயிருந்தா இன்னிக்கு பேச்சுவார்த்தை இருந்திருக்காது.

இதுல வேடிக்கை என்னன்னா, கால், அரைக்கால் வித்தியாசத்துக்கு எங்க ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு மேல சரித்திரம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்து ரெண்டு கல்வெட்டு இருக்கு. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். 921ஆம் வருஷத்து விதிப்படி குடவோலையில பேர் எழுத வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கத்து விளக்கத் தெரிஞ்சவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். (அது பிராமண சபை. மத்தவங்களுக்கு இடமில்லை. பெருமை பேசும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.) என் ஸ்கிரிப்ட்டை அங்க விட்டிருந்தா, வேதம் தெரியாத அரைக்கால் வேலிக்காரர் எல்லாம் அரை வேலிக்காரராகி வாரியத்துக்குள்ள வந்திருப்பார் :)

சரி, தப்பு எங்கே? இதுக்கு யூனிக்ஸ் கதைக்குப் போகணும். 1973ல கென் தாம்ப்ஸன் யூனிக்ஸில் பைப்பை கொண்டுவந்தார். யோசனை டக் மெக்கில்ராயுடையது. ஒரு புரோகிராம் எழுதுறதை அடுத்தது வாங்கிக்கும். நடுவுல போறது வெறும் எழுத்து. "கால்"ங்கறது உடம்புல இருக்கற காலா, 0.25ஆன்னு பைப்புக்குத் தெரியாது. ஒவ்வொரு புரோகிராமும் தானே யூகிக்கணும். யூகம் தப்பினா யாரும் சத்தம் போட மாட்டாங்க.

2006ல வந்த பவர்ஷெல், எழுத்துக்குப் பதிலா ஆப்ஜெக்டையே அனுப்பியது. 2019ல ரஸ்ட் மொழியில எழுதின நுஷெல் வந்தது. இதுல ஓடுறது அட்டவணை. எண்ணுன்னா எண், தேதின்னா தேதி. இதுக்கு ப்ளக்இன் எழுதினா, ஷெல் தர்ற "வேல்யூ"வை நம்ம ஸ்ட்ரக்டா மாத்தணும், திரும்ப வேல்யூவாக்கி அனுப்பணும். பத்து காலம் இருந்தா பத்துத் தடவை "இது இருக்கா, எழுத்தா, எண்ணா"ன்னு கையால எழுதணும். எழுதி எழுதி அலுத்து, பதினோராவது இடத்துல தப்பு விடுவோம்.

இங்கதான் டிரைவ் மேக்ரோ. யோசனை பழசு. ஹாஸ்கெல் மொழியில 1990லயே "டிரைவிங்" உண்டு. ரஸ்ட்ல நாமே டிரைவ் மேக்ரோ எழுதற வசதி 2017 பிப்ரவரியில 1.15 பதிப்போட நிலையாச்சு. 2024ல நுஷெல் ஃப்ரம்வேல்யூ, இன்டூவேல்யூன்னு ரெண்டு மேக்ரோவைக் கொண்டுவந்தது. ஸ்ட்ரக்ட் தலைமேல ஒரு வரி போட்டா, மாத்தற கோடை எல்லாம் கம்பைலர் ஓடும்போது மேக்ரோவே எழுதிடும். காலம் இல்லைன்னாலோ, எண் வேண்டிய இடத்துல எழுத்து வந்தாலோ பிழைன்னு நிறுத்திடும்.

நானும் மாத்தி எழுதினேன். அரைக்கால், கால், அரை, முக்கால்னு நாலு வகை கொண்ட ஒரு ஈனம். தலைமேல டிரைவ். நோட்டுல உள்ள தமிழ்ப் பேரை ரீநேம் குறிப்புல குடுத்தேன். இப்ப முழு வார்த்தை பொருந்தினாத்தான் உள்ளே வரும். ஓட்டினதும் ஒரு இடத்துல நின்னுடுச்சு. பார்த்தா "மாகாணி". 1/16. நான் பட்டியல்ல சேர்க்கவே இல்லை! பழைய ஸ்கிரிப்ட்ல அந்த வரி சத்தமில்லாம பூஜ்யம் ஆகியிருந்தது. நான் கவனிக்கலை, நாலு மடங்கைப் பிடிச்ச பெரியப்பாவும் கவனிக்கலை.

ஆனா ஒண்ணு. அரைக்கால்னா 1/8ன்னு மேக்ரோவுக்குத் தெரியாது. அந்த ஒரு வரியை நான்தான் எழுதணும், எனக்கு அதைச் சொல்ல ஒரு பெரியப்பா இருக்கணும். அவர் சொன்னதை ஒரு இடத்துல எழுதி வெச்சா, மீதியை மெஷின் பார்த்துக்கும். சபைக்காரங்களும் அதைத்தான் செஞ்சாங்க. 30 குடும்புக்கும் சேர்த்து ஒரே விதி, ஒரே சுவர். 919ல எழுதினது போதலைன்னு ரெண்டே வருஷத்துல திருத்தினாங்க, அதையும் அதே கோயில்ல வெட்டி வெச்சாங்க.

புது பிரின்ட் பெரியப்பாகிட்ட இருக்கு. இன்னும் கையெழுத்து போடலை. "மொதல்ல நான் ஒரு தடவை மனக்கணக்கா போட்டுப் பாக்கறேன்"னுட்டார்.