உண்ணாமையும் உரைக்கப்படாத உணர்வும்: மருத்துவப் பதிவுகளில் இளம்பெண்கள்

முன்னுரை

இளம்பெண்கள் உணவை மறுத்து உடல் மெலியும் நிலையை மருத்துவ உலகம் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று குறிப்பிடுகின்றது. கிரேக்க வேர்ச்சொல்லின்படி 'அனோரெக்சியா' என்பதற்குப் பசியின்மை என்று பொருள். இந்நிலையில் உண்மையில் இல்லாமற்போவது பசியா, அன்றி உணர்வை உரைக்கும் வாய்ப்பா என்பதை மருத்துவப் பதிவுகள் சிலவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

மார்ட்டனின் பதிவு

இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689ஆம் ஆண்டு இலத்தீனில் வெளியிட்ட நூலில், 1684இல் நோயுற்ற 18 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதியுள்ளார். அவளுக்கு மாதவிடாய் நின்றது. காய்ச்சலோ இருமலோ இன்றி உடல் மெலிந்தது. மனக்கவலைகளே காரணம் என மார்ட்டன் கருதினார். மருந்துகளில் சலிப்புற்று அவற்றை மறுத்த அப்பெண் மூன்று திங்களில் இறந்தாள். அவளுடைய கவலை இன்னதென அவள் வாய்மொழியாக அறிய வழியில்லை.

பெயர் பெற்ற நோய்

1873இல் பாரிசில் ஷார்ல் லசேக்கும் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விளக்கினர். பெண் வெளிப்படுத்திய அல்லது மறைத்த உணர்ச்சியொன்றிலிருந்து நோய் தொடங்கக்கூடும் என்றார் லசேக்; குடும்பத்தாரின் கெஞ்சலும் மிரட்டலும் நோயோடு பின்னிக்கிடப்பதையும் சுட்டினார். இன்று வழங்கும் பெயரை அளித்த வில்லியம் கல், 17 வயதுப் பெண்ணொருத்தியின் எடை 82 பவுண்டிலிருந்து 128 பவுண்டாக உயர்ந்ததைப் பதிவுசெய்தார். அவளிடம் சிடுசிடுப்பும் பொறாமையுணர்வும் காணப்பட்டன என்றும், நோயைத் தூண்டிய காரணம் புலப்படவில்லை என்றும் எழுதினார். அரிதாக ஓரிரு நாள் அவளுக்குப் பெரும்பசி எடுத்தது என்பதும் அப்பதிவிலேயே உள்ளது. நோயின் பெயரோ பசியில்லை என்கின்றது.

கேட்கப்பட்ட குரல்

செருமனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டே புரூக், 1973இல் வெளியிட்ட நூலில் இம்முரணை எடுத்துரைத்தார். பிறர் விருப்பத்திற்கிணங்கி வளர்ந்த பெண்கள் தம் பசியையும் உணர்வையும் இனங்காண இயலாது தவிக்கின்றனர். உணவை மறுப்பது தம் வாழ்வைத் தாமே ஆளும் முயற்சியாகின்றது என்பது அவர் கருத்து. தம் வீட்டு வளத்தினிடையே தன்னைப் பொற்கூண்டில் அடைபட்ட குருவியாக உணர்ந்த ஒரு பெண்ணின் உவமையே, 1978இல் வெளிவந்த அவருடைய 'பொற்கூண்டு' நூலுக்குப் பெயராயிற்று.

முடிவுரை

மார்ட்டன் முதல் வில்லியம் கல் வரை உணர்வு நோய்க்குறியாகவே பதிவாயிற்று. புரூக்கிடம் அது பெண்ணின் கூற்றாயிற்று. தமிழில் வழங்கும் 'பசியின்மை நோய்' என்னும் சொல் பழைய பிழையையே சுமந்துள்ளது. 'உணவு மறுப்பு' என்பது, மறுப்பவள் ஒருத்தி இருப்பதையும் அவளுக்கு உரைப்பதற்கு ஒன்று உண்டென்பதையும் உணர்த்தும்.