ஒரு கேப்பிட்டல் எழுத்துக்காக விதியை மீறிய நாடு! செக் மொழியில் நடந்தது என்ன?

1990 ஏப்ரல் 20. செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டது: 'செக் மற்றும் ஸ்லோவாக் கூட்டாட்சிக் குடியரசு'. அதில் 'மற்றும்' தவிர எல்லாச் சொற்களும் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கின. செக் எழுத்து விதிப்படி இது தவறு. தெரிந்தேதான் செய்தார்கள். ஏன்?

விதி என்ன?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. செக் மொழியில் உண்டு. ஆனால் ஆங்கிலம் மாதிரி இல்லை. பல சொற்கள் கொண்ட நாட்டுப் பெயரில் முதல் சொல்லுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து. இனத்தின் பெயருக்குப் பெரிய எழுத்து. மொழி, மாதம், கிழமைக்குச் சின்ன எழுத்து.

அச்சில் எப்படி வந்தது?

15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செக் நிலத்தில் அச்சுத் தொழில் தொடங்கியது. பெரிய எழுத்து முதலில் வாக்கியம், பத்தி எங்கே தொடங்குகிறது என்று காட்டத்தான் பயன்பட்டது. பிறகு அது மரியாதையின் அடையாளமானது. கடவுள், அரசர், பதவிப் பெயர்கள் பெரிய எழுத்துக்கு மாறின. ஜெர்மன் அச்சு வழக்கத்தின் தாக்கத்தால் சாதாரணப் பெயர்ச்சொற்களிலும் அது பரவியது. ஆனால் ஜெர்மன் போல எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் என்ற விதி நிலைக்கவில்லை.

பழைய கோதிக் பாணி அச்சில் 'ஐ', 'ஜே' இரண்டு கேப்பிட்டல்களுக்கும் ஒரே உருவம்தான். 19-ம் நூற்றாண்டில் ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது இந்தக் குழப்பம் தீர்ந்தது. தேவையற்ற பெரிய எழுத்துகளும் குறைந்தன. 1902-ல் யான் கெபாவர் பங்களிப்புடன் எழுத்து விதிகள் நூலாகவே வந்தன.

1990-ல் என்ன சிக்கல்?

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததும், பெயரிலுள்ள 'சோஷலிச' என்ற சொல்லை நீக்க அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் முன்மொழிந்தார். 'செக்கோ-ஸ்லோவாக்கியா' என நடுவில் கோடு வேண்டும் என்றது ஸ்லோவாக் தரப்பு. மார்ச் 29-ல் ஒரு சமரசம்: செக் மொழியில் கோடு இல்லை, ஸ்லோவாக் மொழியில் உண்டு. யாருக்கும் திருப்தி இல்லை. 'இணைப்புக்கோடு போர்' என்றே இதற்குப் பெயர் வந்தது.

சரி, இரண்டு பெயரையும் தனித்தனியாக வைக்கலாம் என்றால், விதிப்படி 'செக்' பெரிய எழுத்தில் வரும், 'ஸ்லோவாக்' சின்ன எழுத்தில் வரும். சமமான இரு இனங்களில் ஒன்று மட்டும் சிறியதா? அதனால்தான் விதியை ஓரங்கட்டினார்கள்.

பிறகு?

பெயர் நிலைத்தது, நாடு நிலைக்கவில்லை. 1993 ஜனவரி 1-ல் இரண்டு நாடுகளாயின. அதே ஆண்டு வந்த செக் விதி நூல் தெருப்பெயர்களில் கை வைத்தது. முன்னிடைச்சொல்லில் தொடங்கும் தெருப்பெயரில், அடுத்த சொல்லுக்கும் பெரிய எழுத்து வந்தது. பிராகாவின் புகழ்பெற்ற 'நா பர்ஷிகோப்யெ' தெருவும் அப்படித்தான் மாறியது.